ஆரோக்கிய ஜோதிக்கு பெனிட்டா போட்ட வயரிங்

ஏப்ரல் 16

ராபின் தன் கப்பல் கம்பெனியில் கொடுத்த டைரியை எனக்குத் தந்து மூன்று மாசம் ஆகிறது. முதல் பக்கத்தில் நல்ல சேதிதான் எழுதவேண்டும் என்று தள்ளிப் போட்டேன். நல்ல சேதிக்கு என் வீட்டில் என்ன குறை? என் பேரப்பிள்ளைகளைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மகள் வயிற்றுப் பேரன் ராபின், சரக்குக் கப்பலில் மூன்றாவது ஆபீசர். அவன் போகாத நாடு இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லா நாட்டையும் "வெயிலு ஆச்சி" என்றுதான் சொல்வான். அவன் தங்கை ஜெனிபா மஸ்கட்டில் நர்சு. அங்கே ஒரு பெரிய மனுசருக்கு ஊசி போட்டாளாம், அவர் "எப்பம்மா போடப் போற?" என்று கேட்டாராம். அவ்வளவு பூப்போல கை. மகன் வயிற்றுப் பேரன் கெவின் எட்டாவது படிக்கிறான், பங்குக் கோயில் விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் பரிசு. எத்தனை பேர் ஓடினார்கள் என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. அவன் அக்கா பெனிட்டா பி.இ. எலெக்ட்ரிக்கல், முதல் வகுப்பு. எங்கள் தெருவில் அந்தப் படிப்பு படித்த முதல் பெண். ஒரு வருசமாக வீட்டில் இருக்கிறாள். வேலை கிடைக்காமல் இல்லை. தகுந்த வேலை வரட்டும் என்று இருக்கிறாள்.

நான் ஐந்தாவது வரை. என் வகுப்பில் நானும் முதல்தான்.

நேற்றிலிருந்து தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற இரண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. தூத்துக்குடி துறைமுகம் முழுக்கப் போட்டுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆம்பளைகள் வீட்டில் இருப்பதால் காப்பித்தூள் பறக்கிறது.

ஏப்ரல் 18

எங்கள் போட்டின் பெயர் ஆரோக்கிய ஜோதி. ஜோதிதான் இப்போது இல்லை. தடைக்கு முந்தின கடைசி ஓட்டத்தில், ஓட்டுகிற அறையின் சுவிட்ச் போர்டுக்குள்ளே இருந்து புகை வந்திருக்கிறது. உச்சி லைட்டு, பக்கத்து லைட்டு, ஹாரன், தண்ணீர் இறைக்கிற பம்ப் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. என் மகன் செலஸ்தீன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு போட்டைக் கரை சேர்த்தான்.

இன்று அந்தப் பழைய வயரை எல்லாம் பிடுங்கி, சாக்கில் கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டினான். வீட்டு வயர், டியூப்லைட் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. செம்பு முழுக்க உப்புக் காற்றில் பச்சை பிடித்து, விளக்காத பித்தளைப் பானை மாதிரி.

"இது வயரிங்காப்பா? காக்கா கூடு மாதிரில்லா இருக்கு!" என்றாள் பெனிட்டா.

வழக்கமான வயர்மேனுக்கு இந்தத் தடைக்காலம் முழுக்கப் பெரிய போட்டு வேலை. வர முடியாது என்று சொல்லிவிட்டார். செலஸ்தீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "எஞ்சினை மட்டும் கேட்டு ஒரு யாவாரி வாரான். கொடுத்துட்டு, நான் மத்தில்தா மாமி மவன் போட்டுல டிரைவரா ஏறிருதேன்."

எதிலும் எனக்குப் போட்டிக்கு நிற்கிற மத்தில்தாவின் மகன் போட்டில்! என் மகன்!

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசையில் மத்தில்தா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடம் இல்லாமல் இல்லை. "என்ன கித்தேரி, போட்டு இருண்டு போச்சாமே. உன் பேத்தி கரண்டு படிச்சவதான? வீட்டுல ஒரு ஃபேனாவது மாட்டுவாளா?"

"ஃபேன் என்னட்டி ஃபேன்? எங்க போட்டுக்கு முழு வயரிங்கும் அவதான் பண்ணப் போறா!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பங்குச்சாமி அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆக, அதுவும் ஒரு அறிவிப்பு ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெனிட்டாவிடம் சொன்னேன். குதித்தாள்.

"ஆச்சி! எனக்குப் போட்டு வயரிங் தெரியாது!"

"கரண்டுதான படிச்ச?"

"நான் படிச்சது பெரிய மோட்டாரு, டிரான்ஸ்பார்மரு. போட்டுல ஓடுறது பேட்டரி கரண்டு. அது வேற."

"அப்பம் அந்தப் பாடத்தை ஒரு தடவை திருப்பிப் பாரு."

முறைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பார்த்தால் முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காக்கா கூட்டை ஒவ்வொரு வயராகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். காப்பி கொண்டுபோய் வைத்தேன். தம்ளரைத் தட்டால் மூடிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 22

செலஸ்தீன் சம்மதித்தான். சம்மதம் மாதிரி இல்லை, பந்தயம் மாதிரி. "ஜூன் பதிமூணு அந்தோனியார் திருநாளுக்குப் பங்குச்சாமி போட்டுகளைத் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வருவாரு. அன்னைக்கு எல்லா லைட்டும் எரியணும். எஞ்சின் ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆவணும். இல்லன்னா எஞ்சினைக் கழத்திக் கொடுத்துருவேன். பொறவு யாரும் அழக்கூடாது."

"நான் அழ மாட்டேன்பா" என்றாள் பெனிட்டா.

"நான் அழுவேன்" என்றேன். யாரும் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 29

பெரிய தாளில் போட்டை வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதற்குள் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடுமாக ஓடுகிறது. எங்கள் போட்டின் மூத்த தொழிலாளி லாசரைக் கூப்பிட்டு, அலை எங்கே அடிக்கும், வலை இழுக்கும்போது கால் எங்கே ஊன்றுவீர்கள், ஐஸ் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். லாசருக்கு ஒரே பெருமை. "இதுவரைக்கும் என்னட்ட யாரும் காலு எங்க வப்பன்னு கேட்டது இல்ல ஆச்சி" என்றான்.

மீன் இல்லை, இன்றும் முட்டைக் குழம்பு.

மே 5

வயர் வந்தது. உள்ளே வெள்ளி மாதிரி மினுங்குகிறது. "வெள்ளியாட்டி?" என்று கேட்டேன். "ஈயம் பூசின செம்பு ஆச்சி. உப்புக்குப் பச்சை பிடிக்காது" என்றாள். கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். செபமாலை அறுந்து கிடந்தது, அதைக் கோர்த்தேன். நல்ல வயர்.

மே 9

ஒரு மீட்டர் வாங்கியிருக்கிறாள். தொட்ட இடத்தில் கரண்டு ஓடினால் கீச்சென்று கத்துகிறது. பூனை அவள் ரூம் பக்கம் போவதை விட்டுவிட்டது.

மே 17, ஞாயிறு

முதல் சோதனை. ஹாரன் சுவிட்சை அமுக்கினால் பம்ப் ஓடியதாம். பம்ப் சுவிட்சைத் தட்டினால் ஹாரன் அலறியதாம். அடுத்த போட்டில் நின்ற மத்தில்தா மகன் கை தட்டினானாம்.

பூசை முடிந்து மத்தில்தா வாயைத் திறக்கும் முன்னே நானே சொல்லிவிட்டேன்: "ரெண்டும் வேலை செய்யுதுல்லா. இடம்தான் மாறியிருக்கு."

மே 24

போட்டைப் பார்க்கத் துறைமுகம் போனேன். பொம்பளை போட்டில் ஏறினால் முகம் சுளிக்கிற ஆட்கள் இங்கே உண்டு. பெனிட்டா ஏறின முதல் நாள் சுளித்தார்கள். இப்போது அவர்களே "தாயி, எங்க போட்டுல இந்தச் சுவிட்சை ஒரு பார்வை பாரேன்" என்று வருகிறார்கள்.

சுவிட்ச் எல்லாம் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயர். ஒவ்வொரு வயருக்கும் காதில் கம்மல் போட்ட மாதிரி ஒரு நம்பர். இடப்பக்கம் சிவப்பு எரிந்தது, வலப்பக்கம் பச்சை, உச்சியில் வெள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில்.

ஓட்டுகிற அறையில் மாதா படம். மரக்கூட்டுக்குள், நீலக் கண்ணாடி போட்டு, என் வீட்டுக்காரர் தன் கையால் முடுக்கினது. அதை யாரும் கழற்றுவதில்லை. போட்டுக்குப் பெயிண்ட் அடித்தாலும் அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். பெனிட்டாவும் அதைத் தொடாமல், கூட்டுக்கு மேலே ஒரு சின்ன லைட்டு வைத்திருக்கிறாள். கிளம்பும்போது பெரிய சுவிட்சு ஒன்றை, மெயினாம், திருகினாள். எல்லாம் அணைந்தது. மாதாவும் அணைந்தாள்.

"என்னட்டி, மாதாவையும் அணைச்சிட்ட?"

"மெயினை அணைச்சாத்தான் ஆச்சி பேட்டரி நிக்கும். மாதாவும் கொஞ்சம் தூங்கட்டும்."

"மாதா தூங்குனா கடல்ல போறவனுக்கு யாரு முழிச்சிருப்பா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மே 26

லாசர் தேங்காய் கொண்டுவந்தான். அவனிடம் ஒரு சின்ன வேலை சொன்னேன். ஆட்டோவில் மாட்டுகிற பல்பு ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது என்றான். என்ன வேலை என்று எழுதி இந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. இன்று பருப்பு வேகவே இல்லை.

மே 28

எஞ்சின் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆயிற்றாம்! செலஸ்தீன் வீட்டுக்கு வந்து மகளை ஒன்றும் பாராட்டவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். எங்கள் குடும்பத்தில் அதுதான் பாராட்டு. பாயாசம் வைத்தேன். மத்தில்தா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். ருசி பார்க்கட்டும்.

லாசரும் சொன்ன வேலையை நேற்றே முடித்துவிட்டதாகக் கண்ணைக் காட்டினான்.

ஜூன் 2

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இருக்கிற இரண்டு பேட்டரியில் ஒன்று செத்துப்போய் இருக்கிறதாம். சார்ஜ் போடக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஜூன் 6

மறுபடியும் 'டக்'. அதே பேட்டரி. மற்றது சிங்கம் மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 8

பெனிட்டா முந்தாநாளே சார்ஜ் போட்டு, இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைத்தாள். இப்போது முன்னே சிங்கமாக இருந்தது படுத்துவிட்டது, செத்தது நிமிர்ந்துவிட்டது. "அப்பம் பேட்டரி மேல குத்தம் இல்ல. என் வயரிங்லதான் எங்கயோ ஓட்டை" என்றாள். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்க்கிறாள். சாப்பிட வரவில்லை. ஊட்டிவிடப் போனேன், "போங்க ஆச்சி" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னோடு பேசினதே இல்லை.

எஞ்சின் யாவாரியும் வந்தான். எஞ்சினைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம், இளநீர் வாங்குகிறவன் மாதிரி. செலஸ்தீன் அவனைத் திருநாளன்று காலையில் வரச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 10

காலையில் இட்லி. செலஸ்தீன் கேட்டான், மகள் சொன்னாள்.

"ரெண்டு பேட்டரியும் ஒரே வண்டியில பூட்டின மாடு மாதிரிப்பா. எந்த லைட்டுக்கும் ரெண்டும் சேந்துதான் இழுக்கணும், அப்படித்தான் வயரிங் போட்டிருக்கேன். இங்க ஒரு பேட்டரி மட்டும் தனியா எதையோ இழுத்துக்கிட்டே நிக்கி. மெயினை அணைச்ச பொறவும். யாரோ ஒரு பேட்டரியில மட்டும் எதையோ பிடிச்சுவிட்ட மாதிரி இருக்கு."

"யாரு பிடிப்பா? போட்டுல நம்ம ஆளு தவிர யாரு?"

"அதான் தெரியல."

நான் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சட்னியில் உப்புக் கூடுதல் என்று நினைக்கிறேன்.

பத்து மணிக்கு லாசரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டேன்.

"ஏல லாசரு, அன்னைக்கு ஒரு வேலை சொன்னேம்லா. அதை எத்தனை பேட்டரியில கொடுத்த?"

"ஒண்ணுலதான் ஆச்சி. சின்ன பல்புல்லா? ரெண்டுலயும் கொடுத்தா மாதா ஃபியூஸ் போயிருவா."

"மெயின்ல கொடுத்தியா?"

"நீங்கதான மாதா எப்பமும் அணையக்கூடாதுன்னு சொன்னிய? நேரா பேட்டரி வயருலயே, வெளிய தெரியாம டேப்புக்கு அடியில சொருகிக் கொடுத்திருக்கேன். கூட்டுக்குப் பின்னால, மேல் இடுக்கு வழியா. நீலக் கண்ணாடில்லா, பகல்ல எரியுறது கூடத் தெரியாது." சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது. முகம் மாறியது. "ஆச்சி, அப்பம்…"

"நீ போயி சோலியைப் பாரு."

ஜூன் 11

கோயிலுக்குப் போய் மாதா முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். கோயில் மாதாவுக்கு மேலே எரிகிற லைட்டுக்குச் சுவரில் ஒரு சுவிட்சு இருக்கிறது. கோயிலைக் கவனிக்கிற உபதேசியார் கதவைப் பூட்டும் முன்னே அதை 'டிக்' என்று அணைத்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போகிறார். இத்தனை வருசம் இந்தக் கோயிலுக்கு வருகிறேன், இதை நான் பார்த்ததில்லை.

ஜூன் 12

நாளைக்குச் சாமி போட்டுக்கு வருகிறார். மாதா படத்தின் கண்ணாடியில் தூசி இருக்கும். சாமி பார்த்தால் நன்றாக இருக்காது. காலையில் நானே போய்த் துடைத்துவிட வேண்டும்.

தூசிதான் காரணம்.

ஜூன் 13, அந்தோனியார் திருநாள்

துறைமுகம் முழுக்கக் கொடியும் தோரணமும். பங்குச்சாமி தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு போட்டாக மந்திரித்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் இன்னும் சில போட்டுகள்தான். அடுத்த போட்டு மத்தில்தா வீட்டுடையது. அவள் பட்டுச்சேலை கட்டி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

செலஸ்தீன் எஞ்சினைத் தட்டினான். டக்.

மறுபடி தட்டினான். டக். அது கூட இந்தத் தடவை மெதுவாக.

எஞ்சின் யாவாரி ஸ்பேனர் பையைக் கீழே வைத்தான். செலஸ்தீன் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போதும்மா. உன்னால ஆனதைச் செஞ்சிட்ட" என்றான். பெனிட்டா மீட்டரைப் பிடித்தபடி நின்றாள். "எல்லாத்தையும் கழத்திப் பாத்துட்டேன்பா. ஒண்ணு விடாம."

நான் போட்டில் ஏறினேன். லாசர் கை கொடுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீ எதுக்கு இப்பம் ஏறுத?"

"மாதா கண்ணாடியில தூசி. ஸ்குரூ டிரைவரை எடு."

தூசி துடைக்க ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் கூட்டின் முதல் திருகாணியில் வைத்ததும்தான் செலஸ்தீன் பாய்ந்து வந்தான். "அம்மா! அதைக் கழத்தக்கூடாது! அப்பா மாட்டினது!"

"மாட்டினவுக பொண்டாட்டிதாம்ல கழத்துதேன். தள்ளு."

மாதா என் இரண்டு கைக்குள் வந்தாள். பெனிட்டா மெயினைத் திருகி அணைத்தாள். எல்லா லைட்டும் போனது. கூட்டுக்குப் பின்னால் ஒரு பல்பு மட்டும், மஞ்சக்காமாலை வந்த கண்ணு மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டு இருந்தது.

பெனிட்டா அந்த வயரை விரலால் தொட்டுக்கொண்டே பேட்டரிப் பெட்டி வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். என்னைப் பார்த்தாள். லாசரைப் பார்த்தாள். லாசர் வானத்தைப் பார்த்தான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "கண்டுபிடிச்சிட்டேன்பா. ஒரு வயரை நான் பாக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்."

அதோடு முடிந்திருக்கும். நானும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அடுத்த போட்டிலிருந்து மத்தில்தா, "அவ தப்பாம்ல! நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் சத்தம் வந்ததோ.

"அவ தப்பு இல்லட்டி! அவ போட்ட வயரிங்ல ஒரு குத்தம் கிடையாது! மாதாவுக்குத் தனியா பல்பு போடச் சொன்னது நான்! லாசரை விட்டு, அவளுக்குத் தெரியாம, நான்! நான் கெடுத்தும் கூட அவ வயரிங் கெடல, பேட்டரிதான் படுத்துச்சு! நல்லாக் கேட்டுக்கோ!"

துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். பங்குச்சாமி தீர்த்தத்தைத் தெளிக்காமல் கையைத் தூக்கியபடி நின்றார்.

செலஸ்தீன் என் பக்கம் திரும்பினான். அதற்குள் பெனிட்டா அந்த வயரை வெட்டிவிட்டாள். மத்தில்தா மகன் சிரிப்பை அடக்க முடியாமல் தன் போட்டிலிருந்து ஒரு நல்ல பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தா தங்கச்சி, மாட்டிப் பாரு" என்றான். மாட்டினாள். செலஸ்தீன் தட்டினான்.

ஒரே தட்டு. ஆரோக்கிய ஜோதி உறுமின உறுமலில் மத்தில்தாவின் நாற்காலி நடுங்கினதை நான் பார்த்தேன்.

எஞ்சின் யாவாரி பையை எடுத்துக்கொண்டு அடுத்த போட்டைப் பார்க்கப் போனான். சாமி வந்து மந்திரித்தார். புது சுவிட்ச் போர்டைப் பார்த்துச் சந்தோசத்தில் ஒரு கை தீர்த்தம் வாரி அதன் மேலேயே தெளிக்கப் போனார். பெனிட்டா "சாமி, போர்டு! போர்டு!" என்று இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டாள். தீர்த்தம் முழுக்க அவள் மேல் விழுந்தது. போட்டை விட அவளுக்குத்தான் நல்ல மந்திரிப்பு.

மாதாவை மறுபடி அவளிடத்தில் முடுக்கினோம். பெனிட்டா வைத்த லைட்டுத்தான் இனி. நான் மாதாவிடம் தனியாகச் சொன்னேன்: கரையில் நிற்கும்போது தூங்கு, கடலுக்குப் போகும்போது முழிச்சிக்கோ. கோயிலிலும் அப்படித்தானே இருக்கிறாய்?

ஜூன் 15

போட்டு கடலுக்குப் போயிற்று. சாயங்காலம் கரையில் நின்றேன். வரிசையாக வந்த போட்டுகளில் எங்களுடையதைத் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லா லைட்டும் எரிந்த போட்டு எதுவோ அதுதான். இன்று விளமீன் குழம்பு.

ஜூன் 17

மத்தில்தா வந்தாள். காப்பி குடித்தாள். அவள் மகன் போட்டில் உச்சி லைட்டு விட்டுவிட்டு எரிகிறதாம், பெனிட்டா ஒரு நடை வந்து பார்ப்பாளா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் படி இறங்கும் முன்னே பெனிட்டா மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காக்க வைக்கத் தெரியவில்லை.

ஜூன் 26

நமக்குத் தடை முடிகிற சமயத்தில் மேற்குக் கடற்கரையில் தொடங்கிவிடுகிறது. அங்கே போட்டெல்லாம் இப்போதுதான் கரையில் நிற்கிறது. முட்டத்திலிருந்து ஒரு போட்டுக்காரர் வந்து, முழு வயரிங்கும் செய்யவேண்டும் என்று பெனிட்டாவைக் கேட்டுக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் வீட்டு அம்மாவோடு தங்குகிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. பூனை மட்டும் அவள் ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அவளுக்கு எழுதப்போகும் கடிதத்தை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

அன்புள்ள பெனிக்கு, ஆச்சி எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடு. முட்டத்துக் காற்று பொல்லாதது, தலையில் துணி கட்டிக்கொள். கூடத்துச் சுவரில் நீ பட்டம் வாங்கினபோது எடுத்த படம் தொங்குகிறது. அந்தக் கறுப்பு அங்கிக்குள் நீ யாரோ மாதிரி நிற்கிறாய், கை கூட வெளியே தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லாம் வக்கீலா என்று கேட்கிறார்கள். போட்டில் ஏறி நின்று, மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுக்குச் சட்டையோடேயே ஒரு புதுப் படம் எடு. முகம் கழுவ வேண்டாம். போனில் அனுப்பாதே, போனில் வந்தால் மத்தில்தா மூக்குக் கண்ணாடியை எடுத்து வரவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவாள். கூடத்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி பெரிதாகப் படம் கழுவி, தபாலில் போடு.